‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள்: மூத்த முயலைப் பராமரிக்கும் அறிவியல்

சீன நாட்காட்டியில் 2023 முயல் ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த வளர்ப்பு முயல் ஒன்று நல்ல பராமரிப்புடன் 2033ஆம் ஆண்டையும் தாண்டி வாழக்கூடும். உயர்நிலை 1ல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த மாணவர், அதற்குள் வேலைக்குச் செல்லும் வயதை எட்டியிருப்பார்.

வளர்ப்பு முயலின் ஆயுள் பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள். காட்டு முயல்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1964ஆம் ஆண்டு பிடிபட்ட ‘ஃபிளாப்சி’ என்ற காட்டு முயல், வீட்டில் வளர்ந்து ஏறக்குறைய 18 ஆண்டு 10 மாதங்கள் வாழ்ந்தது. கின்னஸ் சாதனையில் இடம்பெற்ற முயல் அது. உயிரினம் ஒன்றுதான், வாழும் சூழலும் பராமரிப்பும்தான் ஆயுளில் இவ்வளவு வேறுபாட்டை ஏற்படுத்துகின்றன.

முயலுக்கு 5 அல்லது 6 வயதானதும் அதனை மூத்த முயலாகக் கருதலாம். அதன்பின் சில மாற்றங்கள் தெரியத் தொடங்கும். முன்பு சோபாவில் தாவி ஏறிய முயல் இப்போது தரையிலேயே படுத்திருக்கும். உலர்புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “அதற்கு வயதாகிவிட்டது.”

கவலைக்குரியது இந்த முடிவுதான். முதுமை ஒரு நோயன்று. முதுமையின் அடையாளம் என்று நாம் நினைப்பவற்றில் பல உண்மையில் பல்வலியாகவோ மூட்டுவலியாகவோ குடல் கோளாறாகவோ இருக்கலாம். அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால், நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும்.

வலியை ஏன் மறைக்கிறது?

நாயும் பூனையும் வேட்டையாடும் விலங்குகளின் வழிவந்தவை. முயலோ வேட்டையாடப்படும் விலங்கு. நம் வீட்டு முயல்கள் அனைத்தும் ஐரோப்பிய முயல் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளே அதன் பூர்வீகம். அங்கே நொண்டும் முயலும் முனகும் முயலும்தான் நரியின் கண்ணில் முதலில் படும். வலியை வெளிக்காட்டாத முயல்களே தப்பிப் பிழைத்துக் குட்டி போட்டன. அந்த இயல்பு, வீவக வீட்டில் வளரும் முயலிடமும் மாறாமல் இருக்கிறது.

அப்படியானால் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? முயலின் முகத்தை வைத்து வலியை அளக்கும் ‘முகச்சுளிப்பு அளவுகோல்’ ஒன்றை ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதில் ஐந்து அம்சங்கள் கவனிக்கப்படுகின்றன. வலி இருக்கும்போது கண்கள் பாதி மூடியிருக்கும். உருண்டையான கன்னம் தட்டையாகும். மூக்கு கூராகத் தெரியும். மீசை விறைத்து நிற்கும். காதுகள் இறுக்கமாகச் சுருண்டு பின்னே சாயும்.

முதுகைக் கூனிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதும், பற்களைச் சத்தமாக நறநறவென்று கடிப்பதும் வலியின் அறிகுறிகளே. தடவிக் கொடுக்கும்போது முயல் பற்களை மெதுவாக உரசுவது வேறு. அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பொருள்.

நாம் பக்கத்தில் போனாலே முயல் விழிப்படைந்து வலியை மறைத்துவிடக்கூடும். ஆகவே, சற்றுத் தொலைவிலிருந்து கைப்பேசியில் காணொளி எடுத்துப் பாருங்கள். கால்நடை மருத்துவருக்கும் அந்தக் காணொளி உதவும்.

வாழ்நாள் முழுதும் வளரும் பற்கள்

முயலுக்கு 28 பற்கள். மனிதர்களின் பற்களைப்போல் அவை ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடுவதில்லை, சாகும்வரை வளர்கின்றன. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். நார் நிறைந்த புல்லைப் பல மணி நேரம் மெல்லும்போதுதான் அவை சீராகத் தேயும். வளர்ச்சியும் தேய்மானமும் சமமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை.

வயதாகும்போது தாடை எலும்பிலும் பல்லின் வேரிலும் ஏற்படும் மாற்றங்களால் பற்கள் சற்றே சாயலாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் ஊசிபோன்ற கூர்முனைகள் உருவாகும். அவை நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முயலுக்குப் பசிக்கும், உணவுத் தட்டுக்கு ஓடிவரும், ஆனால் சாப்பிடாது. அல்லது புல்லை விட்டுவிட்டு மெத்தென்ற உணவை மட்டும் தின்னும்.

மோவாய் ஈரமாக இருப்பதும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவதும் கவனிக்க வேண்டியவை. மேல்தாடைப் பல்லின் வேர் நீண்டு, கண்ணீர்க் குழாயை அழுத்தினால் கண்ணில் நீர் வடியும். கண் மருந்து விட்டால் மட்டும் அது சரியாகாது.

கடைவாய்ப் பற்களை வெளியிலிருந்து பார்க்க முடியாது. கால்நடை மருத்துவர் விளக்குப் பொருத்திய கருவியால் வாய்க்குள் பார்ப்பார். வேர்களை எக்ஸ்ரே எடுப்பார். தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்துக் கூர்முனைகளை ராவிவிடுவார். வீட்டில் நகவெட்டியால் பல்லை வெட்ட முயல்வது ஆபத்து. பல் நீளவாக்கில் பிளந்து வேர்வரை சீழ் பிடிக்கலாம்.

குடல் நின்றுபோனால்...

முயலின் செரிமானம் ஒரு சிறிய நொதித்தல் ஆலை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ‘சீக்கம்’ எனப்படும் பெரிய பை இருக்கிறது. அதற்குள் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைச் சிதைத்து வைட்டமின்களையும் புரதத்தையும் உருவாக்குகின்றன. பின்னர் அது மென்மையான புழுக்கையாக வெளியேறும். முயல் அதை நேரடியாக வாயால் எடுத்துத் தின்றுவிடும். அருவருப்பாகத் தோன்றினாலும், முயல் தன் உணவின் சத்தை முழுமையாகப் பெறுவது இவ்வாறுதான்.

இந்த ஆலை இடைவிடாமல் இயங்க வேண்டும். வலி, பயம், வெப்பம், தண்ணீர்க் குறைவு, நார் குறைந்த உணவு என எந்தக் காரணத்தாலும் குடலின் அசைவு குறையலாம். குடல் மந்தமானால் வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலிக்கும். வலித்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் மேலும் மந்தமாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உணவின்றி இருக்கும் முயலின் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவும் செயலிழக்கலாம்.

ஆகவே இந்த விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: முயல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரநிலை. “நாளை காலையில் பார்க்கலாம்” என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவர் முதலில் அது வெறும் மந்தமா அடைப்பா என்று பார்ப்பார். எக்ஸ்ரேயுடன் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் இதற்கு உதவுகிறது. சர்க்கரை அளவு லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டினால் குடலில் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிப்பார். மந்தம் என்றால் வலிநிவாரணி, உடலில் செலுத்தும் திரவம், ஊசிக்குழாய் வழியாகக் கூழ் உணவு ஆகியவை சிகிச்சை. அடைப்பு என்றால் கூழ் ஊட்டுவது நிலைமையை மோசமாக்கிவிடும். எனவே, காரணம் தெரியாமல் வீட்டில் வலுக்கட்டாயமாக ஊட்டாதீர்கள்.

மூட்டு வலித்தால் சுத்தமும் கெடும்

முயலின் எலும்புக்கூடு மிக லேசானது. உடல் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடுதான். பின்னங்கால் தசைகளோ மிகவும் வலிமையானவை. தவறாகத் தூக்கும்போது முயல் உதைத்துத் திமிறினால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். மூத்த முயலைத் தூக்கும்போது ஒரு கை மார்பின் அடியிலும் மறு கை பின்பகுதியின் அடியிலும் இருக்க வேண்டும்.

மூட்டழற்சி மூத்த முயல்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. தாவுவதைக் குறைப்பது, கழிவுத் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிப்பது, உடலைத் திருப்பி முதுகை நக்காமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். தட்டின் ஓரம் உயரமாக இருப்பதால் அதற்குள் ஏற முடியாத முயலை, ‘பழக்கம் மறந்துவிட்டது’ என்று தவறாக நினைக்கிறோம்.

மூட்டுவலியால் குனிய முடியாத முயல் மென்புழுக்கையைத் தின்ன முடியாமல் போகும். அது பின்பகுதி ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாடைக்கு ஈக்கள் வந்து முட்டையிடும். ஒரே நாளில் புழுக்கள் பொரித்துத் தோலைத் துளைக்கத் தொடங்கலாம். ஆண்டு முழுதும் வெப்பமாக இருக்கும் நம் நாட்டில் இந்த ஆபத்துக்குப் பருவகாலமே இல்லை. முயலின் பின்பகுதியைத் தினமும் பார்ப்பது இதனால்தான் அவசியம்.

முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோன்ற மெத்தைத் தசை கிடையாது; ரோமம் மட்டுமே உண்டு. வழவழப்பான தரையிலும் கம்பிக் கூண்டிலும் நெடுநேரம் உட்கார்ந்தால் குதிகாலில் புண் வரும். மென்மையான விரிப்பு, ஒருபுறம் தாழ்வாக வெட்டிய கழிவுத் தட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் ஆகிய மூன்றும் பெரிதும் உதவும். வலிக்கு மெலாக்ஸிகம் போன்ற மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். முயலுக்கு உரிய அளவை அவரே முடிவு செய்ய வேண்டும்.

சிறுநீர், கருப்பை, சாய்ந்த தலை

பெரும்பாலான பாலூட்டிகள் தாம் உண்ணும் கால்சியத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சிறுநீரில் வெளியேற்றுகின்றன. முயலோ உணவிலுள்ள கால்சியத்தைத் தாராளமாக உறிஞ்சிக்கொண்டு, அதில் ஏறக்குறைய பாதியைச் சிறுநீர் வழியே அகற்றுகிறது. அதனால் முயலின் சிறுநீர் சற்றுக் கலங்கலாக இருப்பது இயல்பே. ஆனால், பற்பசைபோல் கெட்டியாக வந்தாலோ சிறுநீர் கழிக்க முக்கினாலோ சிறுநீர்ப்பையில் படிவமோ கல்லோ இருக்கலாம். தண்ணீரைக் குழாய்ப் போத்தலில் மட்டுமன்றி அகலமான கிண்ணத்திலும் வைத்தால் முயல் அதிகம் குடிக்கும். ஆல்ஃபால்ஃபா புல்லில் கால்சியம் அதிகம். அது குட்டிகளுக்கே ஏற்றது.

ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறச் சிறுநீரைக் கண்டு உடனே கலங்க வேண்டாம். தாவர நிறமிகளாலும் அப்படி ஆகலாம். அது ரத்தமா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிவிடும். ஆனால், கருத்தடை செய்யப்படாத பெண் முயல் என்றால் தாமதிக்கக் கூடாது. 4 வயதைக் கடந்த அத்தகைய முயல்களிடம் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகம். சில வகைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு அது வருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இளம் வயதிலேயே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் இந்த நோய் வராது.

திடீரென்று தலை ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் பக்கவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். உள்காதில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ‘என்செஃபாலிட்டோசூன்’ என்ற நுண்ணிய ஒட்டுண்ணியும் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. தலை சற்றே சாய்ந்தபடியே பல ஆண்டுகள் நன்றாக வாழும் முயல்களும் உள்ளன.

நமக்கு இதமான காற்று அதற்குப் போதாது

முயலின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ். நம்மைப்போல் வியர்வையால் உடலைக் குளிர்விக்க அதனால் முடியாது. நீண்ட காதுகளிலுள்ள ரத்தக்குழாய்கள் வழியாகத்தான் பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது.

இங்கே இயற்பியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். வெப்பம் பாயும் வேகம் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அறை 20 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 19 டிகிரி. சிங்கப்பூரின் பிற்பகல்போல் 33 டிகிரியில் இருந்தால் வேறுபாடு வெறும் 6 டிகிரி. காதுகள் வெளியேற்றும் வெப்பம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மின்விசிறி நமக்கு இதமாக இருப்பது வியர்வையை ஆவியாக்குவதால்தான். வியர்க்காத முயலுக்கு அதனால் அவ்வளவு பயன் இல்லை. ஏர்கான் இல்லாத வீட்டில், உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். குளிர்ந்த பளிங்குக் கல் ஒன்றைப் படுக்கப் போடுங்கள். காதுகளை ஈரத்துணியால் துடையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் காதுகள் கொதிப்பதும் வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அப்போது காதுகளை நனைத்தபடியே மருத்துவரிடம் விரையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியால் உயிரே போகலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது

நாய், பூனையைப் பார்க்கும் எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயலைப் பார்ப்பதில்லை. முயலுக்குச் சிகிச்சை அளிக்கும் மருந்தகம் எது, இரவில் திறந்திருக்கும் மருந்தகம் எது என்பதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். 5 வயதுக்குமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நல்லது.

மனிதர்கள் அறுவை சிகிச்சைக்குமுன் வயிற்றைக் காலியாக வைத்திருப்பார்கள். முயலை அப்படிப் பட்டினி போடக் கூடாது. அது வாந்தி எடுக்காது. பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும். வழக்கமான புல்லையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மயக்க மருந்தை மறுக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகு மருத்துவர் முடிவு செய்வார்.

முயல் ஒரு சிறிய மனிதனோ சிறிய நாயோ அன்று. மயக்கத்தின்போது இதயத் துடிப்பு குறைந்தால் கொடுக்கப்படும் அட்ரோபின் என்ற மருந்தை, பல முயல்களின் ரத்தத்திலுள்ள ஒரு நொதி வேகமாகச் சிதைத்துவிடும். அதற்காக மருத்துவர்கள் வேறொரு மருந்தைப் பயன்படுத்துகின்றனர். நமக்குத் தொண்டைவலிக்குத் தரப்படும் அமாக்ஸிசிலின் முயலின் வாய்க்குள் போனால் சீக்கத்திலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழியும்; நச்சுக் கிருமிகள் பெருகும்; முயல் இறந்துவிடலாம். நாய்களின் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. வீட்டில் மீதமிருக்கும் எந்த மருந்தையும் கொடுக்காதீர்கள்.

முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு நோய்க் கிருமி 2020ஆம் ஆண்டு சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அது மனிதர்களுக்குத் தொற்றாது. தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசி முடிவு

சில நோய்களை எந்தச் சிகிச்சையாலும் குணப்படுத்த முடியாது. அப்போது குடும்பம் கேட்க வேண்டியது, “இன்னும் எத்தனை நாள் வாழும்?” என்பது மட்டுமல்ல. தானாகச் சாப்பிடுகிறதா? வலியின்றிப் படுக்க முடிகிறதா? விருப்பமான ஏதாவது ஒன்றை இன்னும் செய்கிறதா? மூன்றுக்கும் பதில் ‘இல்லை’ என்று பல நாள்கள் தொடர்ந்தால், வலியின்றி உயிர்பிரியச் செய்வது பற்றி மருத்துவரிடம் பேசலாம். அது கைவிடுவதாகாது.

கைவிடுவது என்பது வேறு. வயதான முயலைப் பூங்காவில் விட்டுவிட்டால் அது பிழைக்காது. சிங்கப்பூரில் செல்லப்பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

செய்து பாருங்கள்: முயல் குறிப்பேடு

தினமும் பார்க்க வேண்டியவை:
• வழக்கமான நேரத்தில் உணவுக்கு வந்ததா? புல்லைத் தின்றதா?
• புழுக்கைகள் வழக்கமான எண்ணிக்கையிலும் அளவிலும் இருக்கின்றனவா? ஆரோக்கியமான முயல் நாளுக்குச் சில நூறு புழுக்கைகள் போடும். அவை சிறுத்தாலோ குறைந்தாலோ எச்சரிக்கை.
• பின்பகுதி சுத்தமாக இருக்கிறதா?
• நடையில் தயக்கம் தெரிகிறதா?

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை:
• தாடையைத் தடவிப் பாருங்கள். வீக்கம் உள்ளதா?
• குதிகாலில் ரோமம் கொட்டியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா?
• சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து முயலை எடை போடுங்கள். கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எடையை வரைபடமாக வரையுங்கள். கிடை அச்சில் வாரம். செங்குத்து அச்சில் கிராம். 2 கிலோ எடையுள்ள முயல் 200 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. அடர்ந்த ரோமம் மறைத்துவிடும். ஆனால், அது உடல் எடையில் 10 விழுக்காடு. 50 கிலோ எடையுள்ள மாணவர் 5 கிலோ இழப்பதற்குச் சமம். கோடு தொடர்ந்து மூன்று வாரம் கீழே இறங்கினால், முயல் நன்றாகத் தெரிந்தாலும் குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.